‘எனக்கு ஒண்ணுமில்ல, விடுங்க!’

மனநல சிகிச்சையை மறுப்பவரை என்ன செய்வது? ஓசூர் சாலையில் ஒரு கேள்வி

கார் ஜூஜூவாடியைத் தாண்டுகிறது. பின்சீட்டில் மூன்று பேர். நடுவில் தம்பி, ஒரு பக்கம் அண்ணன், மறுபக்கம் தாய்மாமன். இரண்டு கதவிலும் சைல்டு லாக். ‘பெங்களூர்ல ஒரு கம்பெனியில ஆள் எடுக்கிறாங்களாம், போய்ப் பார்த்துட்டு வந்துடலாம்’ என்று சொல்லித்தான் ஏற்றியிருக்கிறார்கள். மூன்று வாரமாகத் தூக்கம் இல்லை. சோறு இறங்கவில்லை. சூப்பர்வைசர் செல்போன் வழியாகத் தன்னை ஒட்டுக்கேட்கிறார் என்று சிம் கார்டை உடைத்துப் போட்டாயிற்று. இருந்தாலும் இன்டர்வியூ என்றதும் தம்பி குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டி, சர்டிபிகேட் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

அத்திப்பள்ளி, சந்தாபுரா, பொம்மசந்திரா, எலெக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு. வழியில் வரும் ஒவ்வொரு கம்பெனி போர்டையும் எட்டிப் பார்க்கிறார். கார் எதிலும் திரும்பவில்லை. கடைசியில் திரும்பிய இடத்தில் ‘நிம்ஹான்ஸ்’ என்று எழுதியிருக்கிறது. அந்த வார்த்தை அங்கேதான் வருகிறது: ‘எனக்கு ஒண்ணுமில்ல, விடுங்க!’

இந்தக் குடும்பம் கற்பனை. ஆனால் இந்தப் பயணம் ஓசூர், கிருஷ்ணகிரி பக்கத்து ஆட்களுக்குப் புதிதல்ல. சென்னைக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை ஓசூரில் இருந்து 300 கிலோமீட்டருக்கு மேல். நிம்ஹான்ஸ் சுமார் 35 கிலோமீட்டர்தான். அது இருக்கிற சாலைக்கே பெங்களூரில் ‘ஓசூர் ரோடு’ என்றுதான் பெயர். அதனால் மாநிலம் தாண்டினாலும் அதுவே பக்கத்து மனநல ஆஸ்பத்திரி. வேலை, கோயில், கல்யாணம், ‘எனக்குத்தான் உடம்பு முடியல, துணைக்கு வா’ என்று, காரில் ஏற்றச் சொல்லும் காரணம்தான் வீட்டுக்கு வீடு மாறும்.

இறங்க மாட்டேன் என்பவரைத் தூக்கிக்கொண்டு போகலாமா? பிடித்துவைத்து ஊசி போடலாமா? அல்லது ‘வேண்டாம்னு சொல்றார், கூட்டிட்டுப் போங்க’ என்று திருப்பி அனுப்புவதுதான் சட்டமா?

ஏர்வாடி விட்டுச்சென்ற கேள்வி

இந்தக் கேள்வியைச் சட்டம் கையாண்ட விதத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. வெள்ளைக்காரன் காலத்து 1912 சட்டத்துக்குப் பெயரே ‘பைத்தியச் சட்டம்’. அடைத்துவைப்பதற்கு ஒழுங்குமுறை வகுப்பதுதான் அதன் வேலை. 1987-ல் வந்து 1993-ல் நடைமுறைக்கு வந்த மனநலச் சட்டம் வார்த்தையை மாற்றியது. ஆனாலும் அதன் கவனம் பெரும்பாலும் சேர்ப்பது, வைத்திருப்பது, விடுவிப்பது என்ற மருத்துவமனைக் கதவைச் சுற்றியே இருந்தது. உள்ளே இருப்பவர் என்ன நினைக்கிறார் என்பது அதில் சிறிய இடம்தான்.

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலக் காப்பகம் என்ற பெயரில் நடந்த ஒரு கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அங்குள்ள தர்காவில் குணமாகும் என்று நம்பிக் குடும்பங்களே கொண்டுவந்து விட்டவர்கள் அவர்கள். சேர்த்தவர்களில் பலருக்குச் சங்கிலி கொடுமையாகப் பட்டிருக்காது. ‘ஓடிப்போயிடக் கூடாதே’ என்ற பயத்தில் அதைப் பாதுகாப்பு என்றே நினைத்திருப்பார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. நாடு முழுவதும் இப்படிப்பட்ட இடங்கள் மீது வெளிச்சம் விழுந்தது.

2007-ல் மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா ஏற்றது. அதற்கு ஏற்பப் பழைய சட்டத்தைத் தூக்கிப்போட்டு எழுதியதுதான் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017. 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று இந்தச் சட்டத்தின் 95-வது பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் இல்லாமல் ‘கரண்ட் வைப்பதை’யும் அதே பிரிவு தடை செய்கிறது.

‘புரியுதா?’ என்பதே முதல் கேள்வி

ஆனால் இந்தச் சட்டத்தின் உயிர் 4-வது பிரிவில் இருக்கிறது. மனநோய் இருக்கிறது என்பதால் மட்டும் ஒருவர் தன் சிகிச்சையைப் பற்றி முடிவெடுக்கத் தெரியாதவர் ஆகிவிட மாட்டார் என்கிறது அது. எல்லோருக்கும் அந்தத் திறன் உண்டு என்றுதான் தொடங்க வேண்டும். சொல்கிற விவரம் புரிகிறதா, எடுக்கும் முடிவால் என்ன ஆகும் என்று தெரிகிறதா, அந்த முடிவைப் பேச்சாலோ சைகையாலோ சொல்ல முடிகிறதா என்று பார்க்க வேண்டும். விவரத்தையும் அவருக்குப் புரிகிற மொழியில், தேவையானால் படம் காட்டிச் சொல்ல வேண்டும்.

இன்னொரு வரியும் உண்டு. குடும்பங்களுக்கு அதுதான் தொண்டையில் சிக்கும். அடுத்தவர் கண்ணுக்குத் தவறாகத் தெரிகிற முடிவை எடுக்கிறார் என்பதாலேயே ஒருவருக்கு முடிவெடுக்கத் தெரியவில்லை என்று சொல்லிவிடக் கூடாது. ஊர் வழக்கத்துக்கு ஒத்துப்போகவில்லை, வேலைக்குப் போக மறுக்கிறார், சாமி கும்பிட மறுக்கிறார் என்பதை வைத்து மனநோய் என்று முடிவு கட்டவும் கூடாது என்கிறது 3-வது பிரிவு.

இந்த எச்சரிக்கை சும்மா வந்ததல்ல. டெல்லியில் வயதுக்கு வந்த ஒரு பெண்ணை அவர் விருப்பத்துக்கு மாறாக, பெற்றோர் சொன்னதன் பேரில் ஒரு தனியார் மனநல மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். 2018 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்றது. தீர்ப்பு பழைய 1987 சட்டத்தின் கீழ் வந்ததுதான். பெற்றவர்கள் சொல்கிறார்கள் என்பது மட்டும் போதாது என்று அந்தச் சட்டத்திலேயே முடிவாகிவிட்டது. காதலித்த மகளையும் சொத்தில் பங்கு கேட்கும் தம்பியையும் ‘புத்தி சரியில்லாதவர்’ ஆக்கிவிடுவது எவ்வளவு சுலபம் என்று நம் ஊர்ப் பஞ்சாயத்துகளைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

காலைக் காப்பாற்றிய மறுப்பு

மனநோயும் மறுக்கும் உரிமையும் ஒரே ஆளிடம் இருக்க முடியுமா என்ற கேள்விக்கு இங்கிலாந்தில் ஒரு வழக்கு நல்ல பதில். பிராட்மூர் என்ற பாதுகாப்பு மனநல மருத்துவமனையில் 68 வயது நோயாளி. தீவிர மனச்சிதைவு. தான் உலகப் புகழ்பெற்ற டாக்டர் என்று நம்பியவர். காலில் சதை அழுகத் தொடங்கியது. முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுக்காவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு 15 சதவீதம்தான் என்றார் அறுவை மருத்துவர். ‘ஒரு காலோடு வாழ்வதைவிட இரண்டு காலோடு சாகிறேன்’ என்ற நிலையில் அவர் நின்றார். வழக்கு நீதிமன்றம் போனது. மனச்சிதைவு இருப்பது உண்மை; ஆனால் காலைப் பற்றிச் சொல்லப்பட்டது அவருக்குப் புரிகிறது, நம்புகிறார், எடைபோட்டுப் பார்க்கிறார். எனவே அவர் சம்மதம் இல்லாமல் காலை வெட்டக் கூடாது என்றார் நீதிபதி. 1994-ல் சட்ட இதழ்களில் வெளியான தீர்ப்பு அது. வெட்டாமலேயே சிகிச்சை அளித்தார்கள், அவர் பிழைத்தார்.

பிழைத்தது அதிர்ஷ்டமாகக்கூட இருக்கலாம். தீர்ப்பின் நியாயம் அவர் பிழைத்ததில் இல்லை. கேள்வியைச் சரியாகக் கேட்டதில் இருக்கிறது. ‘இவருக்கு மனநோய் இருக்கிறதா’ என்று கேட்டால் ஒரே பதில்தான். ‘இந்த நேரத்தில், இந்த விஷயம் இவருக்குப் புரிகிறதா’ என்று கேட்டால் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பார்த்தாக வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை. அதே இங்கிலாந்தின் 1983 மனநலச் சட்டப்படி, காலுக்கு இல்லாத கட்டாயம் மனநோய் சிகிச்சைக்கு உண்டு. புரிந்துகொண்டு மறுத்தாலும் ஆபத்து இருந்தால் சிகிச்சை அளிக்கலாம். இந்தியச் சட்டம் முடிவெடுக்கும் திறனை நடுவில் கொண்டுவந்து வைத்திருக்கிறது. அந்த அளவில் நம் சட்டம் ஒருபடி முன்னால் நடக்கிறது. இங்கே உடம்பு விஷயத்திலும், 2018 மார்ச் 9 அன்று, உயிர்காக்கும் கருவிகளை மறுத்துக் கண்ணியமாகச் சாகும் உரிமையையும், அதை முன்கூட்டி எழுதிவைக்கும் உரிமையையும் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு ஏற்றது. உடம்புக்கும் மனசுக்கும் ‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை ஒரே ஆண்டில், மூன்று மாத இடைவெளிக்குள் நடைமுறைக்கு வந்தது.

அப்படியானால் விட்டுவிடச் சொல்கிறதா சட்டம்?

இல்லை. இங்கேதான் பாதிப் பேருக்குக் குழப்பம். கட்டாயத்துக்கும் சட்டத்தில் கதவுகள் உண்டு. ஒவ்வொரு கதவிலும் ஒரு கடிகாரம் மாட்டியிருக்கிறது.

24 மணி நேரம்: தானாக வந்து சேர்ந்தவர் ‘போகிறேன்’ என்றால் அனுப்ப வேண்டும். நிலைமை மோசம் என்று மனநல நிபுணர் கருதினால், மதிப்பீடு செய்ய 24 மணி நேரம் வரை நிறுத்திவைக்கலாம்.

72 மணி நேரம்: உயிருக்கு ஆபத்து, தனக்கோ பிறருக்கோ பெரும் தீங்கு, நோயின் காரணமாகவே சொத்துக்குப் பெரும் சேதம் என்ற அவசர நிலை. பதிவுபெற்ற எந்த மருத்துவரும் சிகிச்சை தொடங்கலாம்; மனநல மருத்துவர்தான் வேண்டும் என்பதில்லை. பக்கத்து மனநல மருத்துவமனைக்குக் கொண்டுபோவதும் இதில் அடங்கும். உடன் இருந்தால், நோயாளி சார்பில் நிற்கும் ‘நியமனப் பிரதிநிதி’யிடம் விவரம் சொல்லிச் சம்மதம் பெற வேண்டும். அவசரம் என்று சொல்லி மின்னதிர்ச்சி கொடுக்கக் கூடாது.

30 நாள்: 89-வது பிரிவின்படி ‘ஆதரவுடன் சேர்க்கை’. இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதிக்க வேண்டும். ஒருவர் கட்டாயம் மனநல மருத்துவர். தனக்குத் தீங்கு, பிறருக்குத் தீங்கு, அல்லது தன்னைத்தானே பார்த்துக்கொள்ள முடியாத அளவு ஆபத்து இருக்க வேண்டும். அதோடு, சொந்தமாக முடிவெடுக்க முடியாத நிலையும் இருக்க வேண்டும். இதைவிடக் குறைந்த கட்டுப்பாட்டில் பார்க்க வழி இல்லை என்றும் தெரிய வேண்டும். முடிவெடுக்கும் திறன் திரும்பியிருக்கிறதா என்று 7 நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். மனநல மறுஆய்வு வாரியத்துக்கு 7 நாளில், பெண்கள் என்றால் 3 நாளில் தகவல் போக வேண்டும்.

அதற்கு மேல்: வாரியத்தின் அனுமதியோடு 90 நாள் வரை; பிறகும் நீட்டிக்க வேண்டுமானால் ஒவ்வொரு முறையும் வாரியத்திடம் போக வேண்டும். மாவட்ட நீதிபதி நிலையில் உள்ளவர், கலெக்டரின் பிரதிநிதி, மனநல மருத்துவர் ஆகியோரோடு, நோயை அனுபவித்தவர்களுக்கும் பராமரிப்பவர்களுக்கும்கூட அந்த வாரியத்தில் இடம் உண்டு. ‘என்னை அநியாயமாக வைத்திருக்கிறார்கள்’ என்று நோயாளியே மனு கொடுக்கலாம்.

நம் காருக்குத் திரும்புவோம். மூன்று வாரத் தூக்கமின்மை, சாப்பாடு இறங்காதது, ஒட்டுக்கேட்கிறார்கள் என்ற அசைக்க முடியாத நம்பிக்கை. மருத்துவர் பேசிப் பார்த்து, விவரம் அவருக்கு இப்போது ஏறவில்லை, ஆபத்தும் இருக்கிறது என்று கண்டால் தம்பியைச் சேர்க்க முடியும். ஆபத்து இல்லை, சொல்வதும் புரிகிறது, ஆனாலும் வேண்டாம் என்கிறார் என்றால் சேர்க்க முடியாது. அப்போது மருத்துவருக்கு மீதியிருக்கும் ஒரே கருவி பேச்சு. பேச வேண்டுமானால் ‘ஏன் வேண்டாம்?’ என்று முதலில் கேட்க வேண்டும்.

0-0-1

அந்த ‘ஏன்’ ஓசூர்த் தொழிற்பேட்டையில் எப்படி இருக்கும்?

1970-களில் சிப்காட் வந்தது. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று வளர்ந்து, இன்று மின்சார ஸ்கூட்டரும் செல்போன் பாகமும் வரை ஓசூரும் கிருஷ்ணகிரியும் மூன்று ஷிஃப்ட் ஓடுகின்றன. காலை 6 மணிக்குப் பேருந்துக்கு நிற்பவரும், அதே நேரம் இறங்கித் தூங்கப் போகிறவரும் ஒரே அறையில் பாயைப் பகிர்ந்துகொள்கிற ஊர் இது.

மனநல மருந்துச் சீட்டில் அடிக்கடி பார்க்கக்கூடிய குறிப்பு 0-0-1. காலை இல்லை, மதியம் இல்லை, இரவு ஒன்று. சோர்வும் மயக்கமும் தரும் மாத்திரை என்பதால் படுக்கும் முன் போடச் சொல்கிறார்கள். பகல் ஷிஃப்ட் ஆளுக்குச் சரி. நைட் ஷிஃப்டில் பவர் பிரஸ் ஓட்டுகிறவருக்கு அந்த ‘1’ எப்போது? சீட்டில் இருக்கிறபடி இரவு 9 மணிக்குப் போட்டுவிட்டுப் பிரஸ் முன் நின்றால் கண் சொருகும். கண் சொருகினால் விரல் போகும். மூன்றாம் நாள் அவர் மாத்திரையை நிறுத்திவிடுவார். வீட்டில் ‘மாத்திரை போட மாட்டேங்கிறான்’ என்பார்கள். ஆஸ்பத்திரிக் குறிப்பில் ‘சிகிச்சைக்கு ஒத்துழைப்பு இல்லை’ என்று ஏறும். விரலைக் காப்பாற்றிக்கொள்ள நினைத்த ஒரு தொழிலாளியின் கணக்கு அங்கே நோயின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

‘நீங்க எந்த ஷிஃப்ட்?’ என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். மாத்திரை நேரத்தை மாற்றலாம், மருந்தையே மாற்றலாம், மாதம் ஒரு ஊசியாகப் போடலாம், சில மாதம் பகல் ஷிஃப்ட் தரும்படி கடிதம் கொடுக்கலாம். தூக்கம் கெடுவதே சிலருக்கு நோயைத் தூண்டும் என்பதால், அந்தக் கடிதமும் மருந்துதான்.

மற்ற காரணங்களும் இப்படித்தான். கை நடுங்குகிறது, அளவெடுக்கும் வேலையில் கை நடுங்கக் கூடாது. உடம்பு ஊதுகிறது, கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிற நேரம். முன்பு ஒருமுறை கட்டிலில் கட்டிப்போட்டார்கள், அது மறக்கவில்லை. தெரிந்தால் காண்ட்ராக்டர் கேட் பாஸை வாங்கிவிடுவார். இத்தனைக்கும் நடுவில், தனக்கு நோய் இருப்பதே தெரியாத, நோயின் பகுதியான மறுப்பும் உண்டு. அதுவும் உண்மை, அதற்குத்தான் சட்டத்தில் அந்தக் கதவுகள். எது எந்த வகை மறுப்பு என்று கேட்காமலே தெரிந்துகொள்ள ஒரு வழியும் கிடையாது.

காபியில் கரைந்த நம்பிக்கை

சங்கிலிக்கு அடுத்தபடியாக நம் வீடுகளில் அதிகம் புழங்கும் கட்டாயம் சத்தமில்லாதது. மாத்திரையைப் பொடித்துக் காபியில் கலப்பது, சொட்டு மருந்தைச் சாம்பாரில் விடுவது. அம்மாக்கள் அழுதுகொண்டே செய்கிற வேலை இது. ‘வேற என்ன பண்றது சாமி, போட்டாத்தான் தூங்குறான்’ என்பார்கள். அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த யாருக்கும் மனசு வராது.

ஆனால் சிகிச்சை என்பது விவரம் அறிந்து தரும் சம்மதத்தின் பேரில்தான் என்பது சட்டம். தெரியாமல் கலப்பதில் சம்மதம் என்ற பேச்சே இல்லை. சட்டத்தை விடுங்கள், நோயின் பக்கம் இருந்து பாருங்கள். ‘சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள்’ என்று சந்தேகப்படுவது மனச்சிதைவு போன்ற நோய்களில் அடிக்கடி வருவது. ஒருநாள் டம்ளரின் அடியில் வெள்ளைப் பொடி தெரிகிறது. சந்தேகம் நிரூபணம் ஆகிவிட்டது. அன்று முதல் மாத்திரை மட்டுமல்ல, அம்மா கையால் வரும் சோறும் போய்விடும். இருந்த ஒரே நம்பகமான ஆளையும் அந்தக் காபி கரைத்துவிடும்.

யார் இங்கே சொந்தம்?

நம் தம்பிக்கு அண்ணனும் மாமனும் இருந்தார்கள். ஒடிசாவிலும் பீகாரிலும் அசாமிலும் இருந்து வந்து, ஒரு ஷெட்டில் எட்டுப் பேரோடு தங்கியிருப்பவருக்கு யார்? ஹாஸ்டல் பேருந்தில் ஏறி இறங்கும் தென்மாவட்டத்துப் பெண்ணுக்கு யார்?

இதற்குத்தான் சட்டம் அந்த ‘நியமனப் பிரதிநிதி’யைச் சொல்கிறது. வயதுக்கு வந்த யாரை வேண்டுமானாலும், ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டு நியமிக்கலாம். சொந்தக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ரூம்மேட்டாக இருக்கலாம், தோழியாக இருக்கலாம். நியமிக்காவிட்டால்தான் உறவினர், பிறகு பராமரிப்பவர் என்று வரிசை போகிறது. யாருமே இல்லாவிட்டால் வாரியம் ஒருவரை நியமிக்கலாம். சமூக நலத்துறையும் அந்த வரிசையில் உண்டு. சொந்த ஊரை விட்டு வந்தவர்களால் நிறைந்த ஒரு நகரத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை. ஆனால் பேட்டை முழுக்க விசாரித்தால் இப்படி ஒரு தாள் இருப்பதாக எத்தனை பேருக்குத் தெரியும்?

பேருந்து நிலையத்திலும் மேம்பாலத்தடியிலும் அலைகிறவருக்கு 100-வது பிரிவு. தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத நிலையில் அலைபவரைப் போலீஸ் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அருகில் உள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். எந்தக் காரணம் கொண்டும் லாக்கப்பில் வைக்கக் கூடாது. எல்லையோர ஊரில் இதற்கு இன்னொரு சிக்கல் உண்டு. ஒருவர் தமிழில் பேசுகிறார், அடுத்தவர் தெலுங்கில், இன்னொருவர் கன்னடத்தில். ‘நம்ம ஆளு இல்ல’ என்று ஒரு வண்டியில் ஏற்றி அடுத்த மாநிலத்தில் இறக்கிவிடுவது, வேலையை முடிப்பதற்குச் சுருக்குவழி. மத்தியச் சட்டம் அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒன்றுதான். ஆளை மாற்றி இறக்கினால் பொறுப்பு இறங்கிவிடாது.

வீட்டுக்குள் பூட்டிவைத்து அடிப்பதோ, சோறு போடாமல் விடுவதோ தெரியவந்தால், போலீஸ் மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். மாஜிஸ்திரேட் அதிகபட்சம் 10 நாள் மதிப்பீட்டுக்காக மருத்துவமனையில் சேர்க்க உத்தரவிடலாம்.

குடும்பத்தின் வழக்கு

இதைப் படித்ததும் ஒரு அண்ணனுக்குக் கோபம் வரும். ‘ராத்திரி ரெண்டு மணிக்கு அவன் கத்தி எடுத்துட்டு நிக்கிறப்போ, வாரியம் வந்து பார்த்துக்குமா?’ அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. மனநல மருத்துவர்களில் பலரும் இந்தச் சட்டத்தைக் குறை சொல்லியிருக்கிறார்கள்: படிவங்கள் அதிகம், வாரியங்கள் எல்லா இடத்திலும் ஒழுங்காக இயங்கவில்லை, குடும்பத்தோடு பின்னிக் கிடக்கும் நம் வாழ்க்கையில் தனிமனித உரிமை மட்டும் பேசினால் பராமரிக்கும் குடும்பம் ஒதுங்கிவிடும் என்பவை அவற்றில் சில.

ஆனால் இந்தக் குறைகளில் பெரும்பகுதியைச் சட்டத்தைத் திருத்திப் போக்க முடியாது. கத்தி எடுத்த இரவுக்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. இல்லாதது, கத்திக்கு முந்தின மூன்று வாரத்துக்கு. தூக்கம் போன முதல் வாரத்தில் பக்கத்துத் தெருவில் போய்ப் பேச ஓர் இடம் இருந்திருந்தால், நான்காம் வாரம் காரின் நடு சீட்டு தேவைப்பட்டிருக்காது. கட்டாயம் என்பது பெரும்பாலும் தாமதத்துக்குக் கட்டும் வட்டி.

நிம்ஹான்ஸ் 12 மாநிலங்களில் நடத்திய 2015–16 தேசிய மனநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாடும் உண்டு. பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு அந்த நேரத்தில் ஏதோ ஒரு மனநலப் பிரச்னை. நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சையே போய்ச் சேரவில்லை. மறுத்தவர்களைவிடக் கேட்கப்படாதவர்களே அதிகம்.

இதில் ஒரு கசப்பான முரண். ஓசூரை ஒட்டிய ஆனேக்கல் தாலுகாவில் சகலவாரா என்று ஒரு கிராமம். மனநோய்க்குப் பெரிய ஆஸ்பத்திரி வேண்டாம், கிராமத்து மருத்துவரையும் சுகாதாரப் பணியாளரையும் பழக்கினால் போதும் என்று 1970-களின் நடுவில் நிம்ஹான்ஸ் முயன்று பார்த்த இடங்களில் முக்கியமானது அது. அங்கே கற்றதை வைத்துப் பெல்லாரியில் ஒரு மாவட்டம் முழுக்கச் செய்து பார்த்தார்கள். அந்தப் பெல்லாரி மாதிரிதான் 1996-ல் தேசிய அளவில் மாவட்ட மனநலத் திட்டமாகத் தொடங்கப்பட்டது. வழி பிறந்தது எல்லைக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில். அதன் பலன் இந்தப் பக்கத்துக் கடைசி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு முழுமையாக வந்து சேர்வதற்குள் ஒரு தலைமுறை ஓய்வுபெற்றுவிட்டது.

இப்போது இருப்பவற்றையாவது பயன்படுத்தலாம். 2022 ஜனவரியில் கிருஷ்ணகிரிக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் தொடங்கிய டெலிமானஸ் உதவி எண் 14416, எந்த நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தாலும் அந்த எண்ணையே அழைக்கலாம். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகத்தான் கருத வேண்டும் என்று 115-வது பிரிவு சொல்கிறது. ‘போலீஸ் கேஸ் ஆயிடும்’ என்று பயந்து மறைக்க வேண்டியதில்லை.

வேலை போய்விடும் என்ற பயத்துக்கும் ஒரு பதில் உண்டு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ள தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. இருக்கும். நோய்க்கால உதவித்தொகை ஆண்டில் 91 நாள் வரை, சம்பளத்தில் 70 சதவீதம். தீவிர மனநோய் நீட்டித்த உதவித்தொகைப் பட்டியலில் இருக்கிறது: இரண்டு ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்தது உள்ளிட்ட நிபந்தனைகளோடு, 80 சதவீதம். உதவித்தொகை வாங்கும் காலத்தில் வேலையை விட்டு நீக்கக் கூடாது என்றது, 2025 வரை இருந்த இ.எஸ்.ஐ. சட்டத்தின் 73-வது பிரிவு. காண்ட்ராக்ட் தொழிலாளிக்கும் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் இந்த உதவித்தொகை உண்டு. சிகிச்சையை மறுப்பவரிடம் நோயைப் பற்றி அரை மணி நேரம் பேசுவதைவிட, இந்தப் பத்து வரியைச் சொல்வது சில நேரம் வேகமாக வேலை செய்யும்.

ஃபைலுக்குள் இன்னொரு தாள்

சட்டத்தில் இன்னும் ஒன்று மீதி. 5-வது பிரிவு. வயதுக்கு வந்த யாரும், நன்றாக இருக்கும்போதே, ‘நான் முடிவெடுக்க முடியாத நிலைக்குப் போனால் என்னை இப்படிப் பார்த்துக்கொள்ளுங்கள், இப்படிப் பார்க்காதீர்கள்’ என்று எழுதிவைக்கலாம். முடிவெடுக்கும் திறன் போனபிறகுதான் அது உயிர்பெறும். அவசர சிகிச்சையை அது தடுக்காது. மற்றபடி மருத்துவர் அதன்படி நடக்க வேண்டும்; ஒத்துப்போகவில்லை என்றால் வாரியத்திடம்தான் போக வேண்டும், தானாக மீற முடியாது.

தம்பி சேர்ந்தார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது வாரமே தூக்கம் வந்தது. மூன்றாவது வாரம் ‘இன்டர்வியூ நல்லா நடத்துனீங்க’ என்று அண்ணனிடம் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், அண்ணனால் சிரிக்க முடியவில்லை. ஆறு மாதம் கழித்து, பகல் ஷிஃப்டுக்கு மாறி, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் ஒரு தாள் எடுத்து எழுதுகிறார். மூன்று ராத்திரி நான் தூங்கவில்லை என்றால் அக்காவுக்கு போன் போடுங்கள், என் பிரதிநிதி அவர்தான். கை நடுங்கவைத்த அந்த மாத்திரை வேண்டாம். மாற்றிக் கொடுத்தது பரவாயில்லை. கட்டாதீர்கள். காபியில் கலக்காதீர்கள். சேர்க்க வேண்டிவந்தால் சேருங்கள். ஆனால் எங்கே போகிறோம் என்று சொல்லிக் கூட்டிப்போங்கள்.

சாட்சிகள் கையெழுத்துப் போடுகிறார்கள். தாள் சர்டிபிகேட் ஃபைலுக்குள், ஐ.டி.ஐ. மார்க் ஷீட்டுக்கு அடுத்ததாகப் போகிறது. கார் இன்னொரு முறை அதே சாலையில் போக நேரலாம். அப்போது சைல்டு லாக் தேவைப்படுமோ என்னவோ, பொய் தேவைப்படாது.